எபிசோடு 38: இன்ஜின் மவுண்டிங் ஓட்டையில பாலியூரித்தேன் ஊத்தலாமா?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை வெட்டியிருக்கிறேன். கணக்கை மட்டும் காதால் கேட்டுப் பிடிப்பது கஷ்டம் என்பதால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.)

கிளட்ச் எபிசோடு போட்டதுக்கு அப்புறம் ஒரே கேள்வி நாலஞ்சு ரூபத்துல வந்துட்டே இருக்கு. "ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச்சை விடுறப்ப கார் ஒரு குலுக்கு குலுக்குது. மெக்கானிக் மவுண்டிங் போயிருச்சுங்கிறார். யூடியூப்ல ஒருத்தர், மவுண்டிங் ரப்பர்ல இருக்கிற ஓட்டையை கார் கண்ணாடி ஒட்டுற பாலியூரித்தேன் வச்சு அடைச்சுட்டு, கார் புதுசாயிடுச்சுங்கிறார். பண்ணலாமா ப்ரோ?"

என் பதில் முதல்லயே: ஒரே ஒரு மவுண்ட்ல, கிழியாத ரப்பர்ல, ஓட்டையை முழுசா அடைக்காம பண்ணலாம். மத்த மவுண்ட்கள்ல வேண்டாம். மூணு சிலிண்டர் கார் வச்சிருக்கவங்க இன்னும் ஒரு தடவை யோசிங்க. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடு. வீட்டு பார்க்கிங்ல செய்யற வேலைதான், ஆனா ஜாக்கியும் கெமிக்கலும் ரெண்டுமே இதுல இருக்கு. அதனால அவசரம் வேண்டாம்.

மவுண்டிங் என்ன பண்ணுது?

நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார்கள் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இன்ஜின் குறுக்கால உட்கார்ந்திருக்கும். கியர் பாக்ஸ் அதோட ஒட்டியே இருக்கும். இந்த மொத்த பொதியையும் கார் பாடியோட பிடிச்சு வைக்கிறது பெரும்பாலும் மூணு புள்ளிதான். ஒரு பக்கம் இன்ஜின் மவுண்ட், மறுபக்கம் கியர் பாக்ஸ் மவுண்ட். இந்த ரெண்டும் எடையைத் தாங்குது. மூணாவது, கீழே பின்பக்கம் ஒரு குட்டி ராட். ரெண்டு முனையிலயும் ரப்பர் புஷ். பார்க்க நாய்க்குப் போடுற எலும்பு மாதிரி இருக்கிறதால டாக் போன்னு சொல்வாங்க, டார்க் ராட்னும் சொல்வாங்க. இது எடையைத் தாங்காது. நீங்க ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் பின்னாடி உருளப் பார்க்கும் இல்லையா, அதைத் தடுக்கிறது இதோட வேலை.

எவ்வளவு பலமா உருளப் பார்க்கும்னு ஒரு கணக்கு. இன்ஜின் 110 நியூட்டன் மீட்டர் டார்க் தருதுன்னு வைங்க, சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் அளவு. ஃபர்ஸ்ட் கியர் விகிதம் 3.5, கடைசி விகிதம் 4. பெருக்கினா 1,540. இந்த மாதிரி அமைப்புல டிஃபரன்ஷியலும் கியர் பாக்ஸுக்குள்ளயே இருக்கு. அதனால சக்கரத்துக்குப் போற அந்த 1,540 முழுசும் எதிர்த் திசையில மவுண்டிங் மேல விழும். மேல இருக்கிற மவுண்ட்களுக்கும் கீழ இருக்கிற ராடுக்கும் 40 செ.மீ. இடைவெளின்னா, அந்தக் குட்டி ராட் மேல கிட்டத்தட்ட 390 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. கிளட்ச்சை படார்னு விட்டா அதுக்கும் மேல. குலுக்கலைப் பத்திப் பேசணும்னா இந்த ராடைத்தான் முதல்ல பார்க்கணும்.

இப்ப அந்த ஓட்டைக்கு வருவோம். ரப்பருக்கு நடுவுல பிறை வடிவத்துல ரெண்டு காலி இடம் இருக்கும். பார்த்தா என்னமோ ரப்பரை மிச்சம் பிடிச்ச மாதிரி தோணும். அது மிச்சம் பிடிச்சது இல்ல. ஐடில்ல இன்ஜின் சும்மா துடிக்கும்போது அசைவு ரொம்பச் சின்னது. அப்போ மெல்லிய ரப்பர் கைகள் மட்டும்தான் வளையுது, அதனால மவுண்ட் மெத்தை மாதிரி இருக்கு. பெரிய இழுப்பு வரும்போது அந்தக் காலி இடம் மூடி ரப்பர் ரப்பரோட முட்டும். அங்கிருந்து அது சுவர். முதல்ல மெத்தை, அப்புறம் சுவர். ரெண்டு குணத்தையும் ஒரே துண்டு ரப்பர்ல கொண்டு வந்தது அந்த ஓட்டைதான். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, பழைய கோடுல காரணம் புரியாத ஒரு வரி இருந்தா அதை டிலீட் பண்றதுக்கு முன்னாடி எவன் எதுக்கு எழுதினான்னு தேடுவோம்ல, அது மாதிரி.

குலுக்கலுக்குக் காரணம், வருஷம் ஆக ஆக ரப்பர் தொய்ஞ்சு அந்த இடைவெளி கூடிப் போறது. இன்ஜின் நிறைய தூரம் ஓடி வந்து சுவர்ல மோதுது. அதை அடைச்சா மோதல் போயிடும்ங்கிறது சரிதான். ஆனா மெத்தையும் சேர்ந்து போயிடும். அதோட விலை என்னன்னு பார்க்கணும்.

மூணு சிலிண்டர் கணக்கு

ஸ்பிரிங் மேல வச்ச எந்தப் பொருளுக்கும் ஒரு இயல்பு அதிர்வெண் இருக்கு. தட்டி விட்டா எந்த வேகத்துல ஆடுமோ அது. அந்த அதிர்வெண்ணோட 1.41 மடங்குக்கு மேல அதிர்வு வந்தாத்தான் ஸ்பிரிங் அதைத் தடுக்கும். அதுக்குக் கீழ வந்தா தடுக்காது, பெருக்கும். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு வைப்ரேஷன்ஸ் பேப்பர் ஞாபகம் வரும். மன்னிச்சுக்கோங்க.

மூணு சிலிண்டர் இன்ஜின், ஐடில் 800 ஆர்.பி.எம். ஒரு செகண்டுக்கு 13.3 சுற்று. நாலு ஸ்ட்ரோக்ல மூணு சிலிண்டர்னா ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. ஆக 20 ஹெர்ட்ஸ். மவுண்டிங்ல உட்கார்ந்த இன்ஜினோட உருளும் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ்னு வச்சுக்குவோம், கணக்குக்கு வசதியான எண். இந்த நிலையில இன்ஜின் துடிப்புல மூணுல ஒரு பங்குதான் பாடிக்குப் போகும்.

இப்ப மவுண்டிங்கை ரெண்டு மடங்கு கடினமாக்குங்க. அதிர்வெண் 14.1 ஆகுது. பாடிக்குப் போறது 100 சதவீதம். அதாவது மவுண்டிங் இருக்கிறதும் ஒண்ணு, நேரா போல்ட் போட்டு முறுக்கினதும் ஒண்ணு. மூணு மடங்கு ஆக்கினா? 17.3 ஹெர்ட்ஸ். இப்ப பாடிக்குப் போறது 300 சதவீதம்! ரப்பரே இல்லாம இருந்தாக்கூட இதைவிடக் கம்மியா நடுங்கியிருக்கும். ரப்பரோட சொந்தத் தணிப்பை இதுல சேர்க்கல, சேர்த்தா அந்த 300 கொஞ்சம் குறையும். ஆனா எந்தப் பக்கம் போகுதுங்கிறது மாறாது.

அதே 10 ஹெர்ட்ஸ்ல நாலு சிலிண்டர் போடுங்க. 800 ஆர்.பி.எம்.ல 26.7 ஹெர்ட்ஸ் துடிப்பு. ஆரம்பத்துல 16 சதவீதம் போகும், ரெண்டு மடங்கு கடினமானா 39, மூணு மடங்கானா 73. மோசமாகுது, ஆனா பெருக்கற நிலைக்குப் போகல. யூடியூப்ல பழைய ஹோண்டா சிவிக்லயோ கோல்ஃப்லயோ இதைப் பண்ணிட்டு "கொஞ்சம் வைப்ரேஷன் இருக்கு, பரவாயில்ல"ன்னு சொல்றவர் பொய் சொல்லல. அவர் கார்ல நாலு சிலிண்டர். உங்க ஆல்ட்டோவிலயும் டியாகோவிலயும் மூணு. 2024க்கு அப்புறம் வந்த ஸ்விஃப்ட்லயும் மூணுதான். வீடியோவை நம்பி அதே வேலையை இந்தக் கார்கள்ல பண்ணா அதே பலன் வராது.

"ரெண்டு மடங்கெல்லாம் எங்க ஆகப் போகுது, நான் மென்மையான பி.யூ. தானே போடுறேன்"னு கேப்பீங்க. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ரப்பர் வகைப் பொருள் நசுங்காது, பிதுங்கும். அழிரப்பரை விரலால அமுக்கிப் பாருங்க, அமுங்கின அளவுக்குப் பக்கவாட்டுல வெளிய வரும். பிதுங்க இடமே இல்லாம சுத்தியும் அடைச்சு வச்சா, எவ்வளவு மென்மையான ரப்பரும் கல் மாதிரி ஆயிடும். அந்த ஓட்டைதான் மவுண்டிங் ரப்பர் பிதுங்கறதுக்கான இடம். அதை நிரப்பிட்டீங்கன்னா, டப்பா மேல போட்டிருக்கிற ஷோர் ஏ 50ஓ 60ஓ, அந்தக் கடினத்தன்மை எண்ணை வச்சு முடிவு பண்ண முடியாது.

எதை வாங்கறது

கதவு ஃபிரேம் இடுக்குல அடிச்சா உப்பி வர்ற ஸ்ப்ரே ஃபோம், அதுக்கும் பி.யூ. ஃபோம்னுதான் பேரு. அது வேண்டாம், பஞ்சு மாதிரி நொறுங்கிடும். சிலிகான் வேண்டாம். எபாக்சி வேண்டவே வேண்டாம்.

மிச்சம் ரெண்டு. ஒண்ணு, கார் கண்ணாடி ஒட்டுற டியூப். காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சித்தான் இது இறுகும். வெளித்தோல் முதல்ல இறுகும், அப்புறம் ஈரம் அந்தத் தோலைத் தாண்டி உள்ள போகணும். அதனால நாள் ஆக ஆக வேகம் குறையும். முதல் நாள் 3 மி.மீ. இறுகினா 6 மி.மீ.க்கு நாலு நாள், 9க்கு ஒம்போது நாள். உங்க புஷ் 30 மி.மீ. தடிமன்னு வைங்க, ரெண்டு பக்கமும் திறந்திருக்கு, நடுப்பகுதி 15 மி.மீ. ஆழத்துல. 25 நாள்! "நேத்து நைட் ஊத்தினேன், இன்னிக்குக் காலையில மாட்டிட்டேன்"ங்கிற வீடியோவுல உள்ள இருக்கிறது இன்னும் பேஸ்ட்தான். சென்னை ஈரப்பதத்துல கொஞ்சம் சீக்கிரமே ஆகும், கணக்கோட வடிவம் அதேதான். அதனால 5 மி.மீ. அடுக்கா போடணும், ஒரு அடுக்குக்கு ரெண்டு மூணு நாள் விடணும்.

இன்னொண்ணு, ரெண்டு பாட்டில் கலந்து ஊத்தற வார்ப்பு பாலியூரித்தேன். மொத்தமா ஒரே நேரத்துல இறுகும். ஆனா எடை போட்டுக் கலக்கணும், கிச்சன் தராசு போதும். இதுக்கு ஈரம் எதிரி. தண்ணி பட்டா கார்பன் டை ஆக்சைடு வந்து உள்ள குமிழ் குமிழா ஆயிடும். மழை நாள்ல எடுக்காதீங்க.

வாங்கும்போது பாலிஈத்தர் வகையா, பாலிஎஸ்டர் வகையான்னு பாருங்க. ரெண்டு வருஷம் பீரோவுல வச்ச ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியா உதிர்ந்த அனுபவம் நிறைய பேருக்கு இருக்கும். அது பாலிஎஸ்டர் வகை பாலியூரித்தேன், ஈரமும் சூடும் சேர்ந்து அதோட சங்கிலியை அறுத்துடும். கடற்கரை ஊர்ல, இன்ஜினுக்கு அடியில, பாலிஈத்தர்தான் தாங்கும். சூட்டுக்கும் ஒரு எல்லை இருக்கு. கண்ணாடிப் பசைகளுக்கு சுமார் 90 டிகிரி வரைக்கும்தான் சொல்றாங்க. உங்க டார்க் ராட் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்துலயே இருந்தா நடுவுல இருக்கிற தகட்டுக் கவசத்தை மறக்காம திரும்ப மாட்டுங்க.

இதை நிறுத்திச் சொல்றேன். இந்த ரெண்டு வகையிலயும் இறுகறதுக்கு முன்னாடி ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் இருக்கு. இது ஆஸ்துமாவைக் கொண்டு வரக்கூடியது. ஒருத்தருக்கு ஒரு தடவை உடம்பு இதுக்கு எதிர்ப்பாயிடுச்சுன்னா, அப்புறம் ரொம்பக் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். முன்னமே ஆஸ்துமா இருக்கிறவங்க இதைத் தொடவே வேண்டாம், விளையாட்டுக்குச் சொல்லல. மத்தவங்க மொட்டை மாடியில, காத்தோட்டமா, நைட்ரைல் கையுறை போட்டுப் பண்ணுங்க. என்-95 மாஸ்க் தூசிக்குத்தான், ஆவிக்கு இல்ல. ஆவிக்கு கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் தனி. ஏசி போட்ட பெட்ரூம்ல நியூஸ்பேப்பர் விரிச்சு ஊத்தற வீடியோ ஒண்ணு பார்த்தேன். அந்த ரூம்ல யாரோ படுத்துத் தூங்குவாங்கல்ல?

நான் எப்படிப் பண்ணினேன்

என் கார் நாலு சிலிண்டர் பெட்ரோல், மேனுவல் கியர். ரப்பர் கிழியல, இடைவெளி மட்டும் கூடியிருந்தது. கார்ல இருந்த ராடைத் தொடவே இல்ல. புதுப்பேட்டை போய் அதே மாடலோட பழைய ராட் ரெண்டு வாங்கினேன். காரணம் ரெண்டு. பசை காயற வரைக்கும் கார் ஓடணும். அதைவிட முக்கியம், பிடிக்கலன்னா பத்து நிமிஷத்துல பழைய ராடை மாட்டிடலாம். ரோல்பேக் வழி இல்லாம புரொடக்ஷன்ல கை வைக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்றது கார் ஷெட்டுக்கும் பொருந்தும்.

ரெண்டு வாங்கினதால ஒரு ஏ/பி டெஸ்ட். ஒண்ணுல ஓட்டையை முழுசா நிரப்பினேன். இன்னொண்ணுல ஹோட்டல் பார்சல் டப்பா மூடியைக் கீறி, ரெண்டு மடிப்பா ஓட்டைக்குள்ள வச்சுட்டு மிச்சத்தை நிரப்பினேன். அந்த வகை பிளாஸ்டிக்ல பாலியூரித்தேன் ஒட்டாது. இறுகினதும் உருவிட்டா சுமார் 2 மி.மீ. இடைவெளி மிஞ்சும். ஐடில் துடிப்புக்கு மெத்தை அப்படியே இருக்கும், சுவர் மட்டும் பக்கத்துல வந்திருக்கும்.

ஒட்டறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணியில எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, நல்லா காய வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வச்சுத் துடைச்சேன். பெட்ரோல்ல கழுவாதீங்க, ரப்பர் ஊறிடும்.

மாட்டறது என் கார்ல மூணு போல்ட்தான். ஆனா காரைத் தூக்கினதும் ஸ்டாண்ட் வைக்காம வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க. ராடைக் கழட்டினா இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும், கீழ விழாது. எடையை மேல ரெண்டு மவுண்ட் பிடிச்சிருக்கு. இதே காரணத்தாலதான் மேல இருக்கிற மவுண்ட்களை அபார்ட்மென்ட் பார்க்கிங்ல கழட்டாதீங்கன்னு சொல்றேன். அங்க இன்ஜினுக்கு முட்டுக் கொடுக்கணும், அது வேற வேலை. திரும்ப மாட்டும்போது போல்ட்டைக் கையால ஏத்திட்டு, இன்ஜினை ஒரு தடவை முன்னும் பின்னும் ஆட்டி, அது தானா நிக்கிற இடத்துல வச்சு முறுக்குங்க. இழுத்துப் பிடிச்ச நிலையில முறுக்கினா 2 மி.மீ. இடைவெளி ஒரு பக்கம் சாப்பிட்டுப் போயிடும்.

முழுசா நிரப்பின ராட்ல குலுக்கல் சுத்தமா நின்னுச்சு. கிளட்ச் விட்டா கார் ஒரே துண்டா நகருது, சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா ஏசி போட்டு சிக்னல்ல நின்னா ரியர் வியூ மிரர்ல பின்னாடி வண்டி நம்பர் படிக்க முடியல. கப் ஹோல்டர்ல போட்ட சில்லறை பாட ஆரம்பிச்சுது. என் மனைவி ரெண்டே நாள்ல "இது டிராக்டர்"னுட்டா. இடைவெளி விட்ட ராட்ல குலுக்கல் முக்கால்வாசி போச்சு, ஐடில்ல கைக்கு வித்தியாசம் தெரியல. இப்ப ஓடறது அதுதான்.

"ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினா வைப்ரேஷன் செட் ஆயிடும்"னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. செட் ஆகறது பெரும்பாலும் மவுண்ட் இல்ல, நாமதான்.

கையை நம்பாதவங்க போன்ல ஃபைபாக்ஸ் ஆப் போடுங்க. ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகத்துல உருவாக்கினது, இலவசம். அதுல முடுக்க நிறமாலைன்னு ஒரு சோதனை இருக்கு. போனை டேஷ்போர்டுல ஒட்டி, ஐடில்ல விட்டு அளந்தா நாலு சிலிண்டருக்கு 26, 27 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முள்ளு நிக்கும், மூணு சிலிண்டருக்கு 20 பக்கம். ராட் மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் ஒண்ணு எடுங்க. ஏசி போட்டும் போடாமலும். அந்த முள்ளோட உயரம்தான் உண்மை.

யாருக்கு வேண்டாம்

ரப்பர் கிழிஞ்சிருந்தா, உலோகத்துல இருந்து பிரிஞ்சிருந்தா புதுசு மாத்துங்க. அடைச்ச பசை அமுக்கத்தை நல்லா தாங்கும், இழுப்புல உரிஞ்சு வந்துடும். கிழிஞ்சதை அது தைக்காது. மவுண்டுக்குள்ள திரவம் இருக்கிற வகை நிறைய கார்ல இன்ஜின் பக்கம் இருக்கும். கருப்பா எண்ணெய் மாதிரி கசிஞ்சிருந்தா அது முடிஞ்ச கதை. மேல எதை ஊத்தினாலும் திரவம் திரும்ப வராது.

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி வச்சிருக்கவங்களுக்கு இந்த இடைவெளி வித்தையும் சரியா வராது. டி-யில போட்டு பிரேக் மிதிச்சு நிக்கும்போதே இன்ஜின் ராடை ஒரு பக்கமா இழுத்துட்டுத்தான் இருக்கும். 2 மி.மீ. அப்பவே மூடியிருக்கும், சிக்னல் முழுக்க நடுக்கம்தான். வாரன்டியில இருக்கிற காரையும் தொடாதீங்க.

ரேஸ் கார்ல எல்லாம் கடினமா போடறாங்களேன்னா, ஆமா. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல யாரும் ஏசி போட்டுட்டு சிக்னல்ல நிக்கறதில்ல.

மவுண்டிங்தான் காரணமான்னு முதல்ல உறுதி பண்ணிக்கோங்க. சமதளத்துல நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடிச்சுக்கிட்டு, ஃபர்ஸ்ட்ல லேசா கிளட்ச்சை விட்டு லோடு கொடுங்க. அப்புறம் ரிவர்ஸ்ல. இன்னொருத்தர் பக்கவாட்டுல நின்னு பார்க்கணும், காருக்கு முன்னாடியோ பின்னாடியோ இல்ல. இன்ஜின் எவ்வளவு தூரம் சாயுது, கடைசியில டொக்குன்னு சத்தம் வருதான்னு பாருங்க. சாயவே இல்லாம குலுக்கல் மட்டும் இருந்தா அது கிளட்ச் பிளேட்டா இருக்கலாம், போன எபிசோடைத் திரும்பக் கேளுங்க.

மாட்டின 500 கிலோமீட்டர்ல ஒரு தடவை அந்தப் போல்ட்களைத் திரும்ப முறுக்கிப் பாருங்க. சைலன்சர்ல இருக்கிற வளையும் பைப்பையும் ஒரு பார்வை. உங்க ஃபைபாக்ஸ் படங்களை, எத்தனை சிலிண்டர்னு குறிப்பிட்டு மெயில்ல அனுப்புங்க. மூணு சிலிண்டர்ல யாராவது இடைவெளி விட்டுப் பண்ணியிருந்தா அதைத்தான் நான் முதல்ல திறப்பேன்.